அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் வாந்தியை முன்கூட்டியே மருந்து கொடுத்துத் தடுக்க முடியுமா?

கேள்வி: மாலைத்தென்றல்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 56. பித்தப்பைக் கற்களுக்காக லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்ற வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லி, அடுத்த மாதத்தில் நாளும் குறித்திருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சையை நினைத்து அவர் அஞ்சவில்லை. அதற்குப் பிறகு வரக்கூடிய வாந்தியை நினைத்துத்தான் அஞ்சுகிறார். சில ஆண்டுகளுக்கு முன் கருப்பையை அகற்றியபோது, மயக்கம் தெளிந்த சிறிது நேரத்திலேயே அவருக்குக் குமட்டல் தொடங்கி, மறுநாள் காலை வரை வாந்தி விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. வயிற்றில் ஒன்றும் இல்லாத நிலையிலும் ஓங்கரிப்பு நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் இரு கைகளாலும் தையலை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்ததை அருகில் இருந்து பார்த்தேன். வாந்தி வரத் தொடங்கிய பிறகு ஓர் ஊசி போட்டார்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அதே ஊசியை மறுபடியும் போட்டார்கள். குறிப்பிடும்படியான பயன் ஏதும் தெரியவில்லை. "வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்த இரவை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது" என்கிறார்.

வாந்தி வந்த பிறகு மருந்து தேடாமல், வராமலே தடுப்பதற்கு மருந்துகள் உண்டா? உண்டென்றால் அவற்றை எப்போது கொடுப்பார்கள்? சென்ற முறை ஊசி ஏன் வேலை செய்யவில்லை? யாரிடம், எப்படி இதைக் கேட்பது? அம்மா புகைபிடிப்பவர் அல்லர். பேருந்தில் நீண்ட தூரம் போனாலும் அவருக்கு வாந்தி வரும். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: மயக்கவியல்_பணி

வணக்கம் சகோதரி. நான் மயக்கவியல் மருத்துவராகப் பணியாற்றுகிறேன். உங்கள் அம்மாவை நேரில் பரிசோதிக்காமல் அவருக்கு இன்ன மருந்தைத்தான் கொடுக்க வேண்டும் என்று நான் எழுதுவது முறையாகாது. ஆனால் எந்த அடிப்படையில் அந்த முடிவை எடுக்கிறோம் என்பதைச் சொல்ல முடியும். அது தெரிந்தால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே தெளிவாகிவிடும்.

ஆம், தடுக்க முடியும். முற்றிலும் வராது என்று யாரும் உறுதி கூற இயலாது என்றாலும், வாய்ப்பைப் பாதி அளவுக்கும் கீழே கொண்டுவர முடியும். பொது மயக்கத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது. ஆனால் இந்தச் சராசரி எல்லோருக்கும் பொருந்தாது. கிறிஸ்டியன் ஆப்ஃபெல் என்னும் மயக்கவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1999-இல் வெளியிட்ட ஓர் எளிய மதிப்பீட்டு முறையை உலகெங்கும் பயன்படுத்துகிறோம். பெண்ணாக இருப்பது, புகைபிடிக்காதவராக இருப்பது, முன்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் வாந்தி எடுத்திருப்பது அல்லது பயணத்தில் வாந்தி வரும் இயல்பு, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மார்ஃபின் வகை வலி மருந்து தேவைப்படுவது ஆகிய நான்கையும் பார்த்து, உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போடுவோம். ஒன்றுமே இல்லாதவருக்கு வாந்தி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 விழுக்காடு. ஒன்று முதல் நான்கு வரை ஏற ஏற அது 20, 40, 60, 80 என்று உயரும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் அம்மாவுக்கு மூன்று உறுதி. வலி மருந்தையும் சேர்த்தால் நான்கு. இவற்றுக்கு மேல், லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுப்பதும் வாந்தி அதிகம் வரும் அறுவைச் சிகிச்சைகளில் ஒன்று. ஆகவே அவருடைய அச்சம் வெறும் மனப்பிரமை அன்று. அதை அவரிடம் சொல்லுங்கள். தன் அச்சத்தை மருத்துவர்கள் பொருட்படுத்துகிறார்கள் என்று அறிவதே பலருக்குப் பாதி ஆறுதல்.

சென்ற முறை ஊசி ஏன் பயன்படவில்லை என்பதற்கு வருகிறேன். வாந்தியை இயக்கும் பகுதி மூளைத்தண்டில் இருக்கிறது. அங்கே செய்தி பல வழிகளில் போய்ச் சேர்கிறது. குடல் சுவரிலுள்ள செல்கள் வெளியிடும் செரோட்டோனின் வேகஸ் நரம்பின் வழியாக ஒரு செய்தியை அனுப்புகிறது. இரத்தத்தில் கலந்துள்ள மயக்க மருந்தையும் மார்ஃபினையும் மோப்பம் பிடிக்கும் இன்னொரு பகுதியில் டோபமைன் ஏற்பிகள் (டோபமைனின் செய்தியை வாங்கும் அமைப்புகள்) வேலை செய்கின்றன. உள்காதின் சமநிலை உறுப்பிலிருந்து வரும் வழியில் ஹிஸ்டமினும் அசிட்டைல்கோலினும் உள்ளன. பயணத்தில் வாந்தி வருபவர்களுக்கு இந்த வழி எளிதில் தூண்டப்படும். இவை தவிர, மூளைத்தண்டுக்குள்ளேயே சப்ஸ்டன்ஸ் பி என்னும் பொருள் நியூரோகைனின் ஏற்பிகளைத் தூண்டுகிறது. நாம் கொடுக்கும் ஒவ்வொரு மருந்தும் பெரும்பாலும் இவற்றில் ஒரு வழியை மட்டுமே அடைக்கிறது. பரவலாகப் பயன்படும் ஒண்டான்செட்ரான் செரோட்டோனின் வழியை அடைக்கும். அது பயன் தராதபோது சில மணி நேரத்துக்குள் அதையே மறுபடியும் கொடுப்பது, பல வாசல் உள்ள வீட்டில் ஒரே வாசலை இரண்டு முறை தாழிடுவது போன்றது. தடுப்பு மருந்து கொடுத்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால், வேறு வகையைச் சேர்ந்த மருந்தைத்தான் கொடுக்க வேண்டும் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட நெறி.

இந்தக் காரணத்தால்தான், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஒரே மருந்தின் அளவைக் கூட்டாமல், வெவ்வேறு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறோம். 2004-இல் வெளியான, 5,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட ஒரு பெரிய ஆய்வு இதற்கு உறுதியான சான்று தந்தது. ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், டிரோபெரிடால் ஆகிய மூன்றும் தனித்தனியே வாந்தி வாய்ப்பை ஏறக்குறைய கால் பங்கு (26 விழுக்காடு) குறைத்தன. ஒன்றுடன் ஒன்றைச் சேர்த்தபோது, ஒவ்வொன்றும் எஞ்சியிருந்த வாய்ப்பில் அதே கால் பங்கைக் குறைத்தது. கணக்காகப் பார்த்தால், 80 விழுக்காடு வாய்ப்பு உள்ளவருக்கு முதல் மருந்து அதை ஏறத்தாழ 59 ஆக்கும். இரண்டாவது 44 ஆக்கும். மூன்றாவது 32 ஆக்கும். அதே ஆய்வில், சுவாசிக்கும் மயக்க வாயுக்களுக்குப் பதிலாக இரத்தக் குழாய் வழியாக புரோபோஃபோல் என்னும் மயக்க மருந்தைச் செலுத்தி மயக்கத்தைத் தொடர்ந்தபோது மேலும் 19 விழுக்காடு குறைந்தது. நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் மயக்க வாயுவைத் தவிர்த்ததும் ஓரளவு உதவியது.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 10 விழுக்காடு மட்டுமே வாய்ப்பு உள்ள ஒருவருக்கு முதல் மருந்தால் அது ஏழரைக்கு அருகில் வரும். அதாவது நூறு பேருக்குக் கொடுத்தால் இரண்டு மூன்று பேருக்கே நன்மை, பக்க விளைவுக்கான வாய்ப்போ நூறு பேருக்கும். உங்கள் அம்மாவைப் போன்ற நூறு பேருக்குக் கொடுத்தால் இருபது பேர் தப்புகிறார்கள். எல்லோருக்கும் எல்லா மருந்தும் என்று நாங்கள் போகாததற்கும், ஆபத்து உள்ளவரிடம் கஞ்சத்தனம் காட்டக் கூடாது என்று நான் உறுதியாக நினைப்பதற்கும் காரணம் இதுதான். 2020-இல் வெளியான பன்னாட்டு ஒருமித்த வழிகாட்டுதலும், ஒன்று அல்லது இரண்டு ஆபத்துக் காரணிகள் உள்ள பெரியவர்களுக்கு இரண்டு தடுப்பு முறைகளையும், அதற்கு மேல் உள்ளவர்களுக்கு மூன்று அல்லது நான்கையும் பரிந்துரைக்கிறது.

எப்போது கொடுப்பது என்பது மருந்துக்கு மருந்து மாறும். டெக்ஸாமெத்தசோன் வேலை செய்யத் தொடங்க நேரம் எடுக்கும் என்பதால் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும்; ஆனால் விழித்திருப்பவருக்கு வேகமாகச் செலுத்தினால் இடுப்புக்குக் கீழே கடுமையான எரிச்சலும் அரிப்பும் வரலாம், ஆகவே மயங்கியவுடன் கொடுப்போம். ஒண்டான்செட்ரானை முடியும் தறுவாயில் கொடுப்பது வழக்கம். சப்ஸ்டன்ஸ் பி வழியை அடைக்கும் அப்ரெபிட்டன்ட் மாத்திரையை மயக்கம் கொடுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். குமட்டலைவிட வாந்தியைத் தடுப்பதில் அது வலிமையானது. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் பட்டை கிடைக்கும் இடங்களில் அதை முந்தைய இரவே ஒட்டிவிடலாம்; கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்களுக்கும் குழப்பம் வரக்கூடிய முதியவர்களுக்கும் அது ஏற்றதன்று.

பதில்: இரவுப்பணி

மருத்துவர் ஐயா எழுதியதுடன் செவிலியர் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். மயக்கம் தெளியும் வரை நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அறையில் பணிபுரிகிறேன்.

தங்கை, சென்ற முறை நடந்ததை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். எந்த அறுவைச் சிகிச்சை, வாந்தி எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, என்ன ஊசி போட்டார்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். பழைய மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாள் இருந்தால் அதையும் இணையுங்கள். இதை அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் மட்டும் சொன்னால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். மயக்கத்துக்கு முந்தைய பரிசோதனையில் மயக்கவியல் மருத்துவரிடம் நேராகச் சொல்ல வேண்டும். இந்த முடிவை எடுப்பவர் அவர்தான். "முன்பு மயக்க மருந்து ஏதேனும் தொல்லை கொடுத்ததா" என்று கேட்கும்போது, ஒவ்வாமையைப் பற்றி மட்டும் கேட்கிறார்கள் என்று எண்ணி "இல்லை" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

தடுப்பு மருந்தையும் மீறி வாந்தி வந்தால் உடனே அடுத்த ஊசி என்று நாங்கள் போவதில்லை. இரத்த அழுத்தம் குறைந்திருக்கிறதா, உயிர்வளி போதிய அளவில் இருக்கிறதா, வலி கடுமையாக இருக்கிறதா, வயிறு உப்பியிருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். இரத்த அழுத்தம் சரிந்ததால் வரும் குமட்டல் எந்த வாந்தி மருந்துக்கும் கட்டுப்படாது. அழுத்தம் சீரானால் தானாகவே அடங்கும். இன்னும் முழுமையாகத் தெளியாதவரை ஒருக்களித்துப் படுக்கவைப்பது மிக முக்கியம், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது. உடனிருப்பவர்கள் அன்பினால் தண்ணீர் கொடுக்க அவசரப்படுவதையும், தலையை உயர்த்தி உட்காரவைக்க முயல்வதையும் தவிர்க்க வேண்டும். திடீரென்று எழுப்பினாலே சிலருக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சை மூக்கருகே பிடித்து இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுக்கச் சொல்வதும் சிலருக்கு விரைவாக ஆறுதல் தருகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் மணத்துக்கு அந்தத் தன்மை இருப்பதாக ஆய்வுகளும் காட்டியுள்ளன. மணிக்கட்டு ரேகைக்கு மேலே மூன்று விரற்கடை தள்ளி, இரு தசைநாண்களுக்கு நடுவே அழுத்தும் முறையும் உண்டு. இவை மருந்துக்குத் துணை. மருந்துக்கு மாற்றாக இவற்றை நம்பியிருக்க வேண்டாம்.

கேள்வியாளரின் மறுமொழி: மாலைத்தென்றல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்படியானால் நான் மிகைப்படுத்தவில்லை" என்று அவர் சொன்னபோது எனக்கும் நிம்மதியாக இருந்தது. முதல் பதிவில் எழுதாத இரண்டு செய்திகளை இப்போது சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, மாத்திரையில் கட்டுப்பாட்டில் உள்ளது. டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு என்பதால் அது சர்க்கரையை ஏற்றிவிடாதா, புண் ஆறுவதைத் தாமதப்படுத்தாதா? மேலும் அவர் மனச்சோர்வுக்காக எஸ்சிட்டலோபிராம் எடுத்துக்கொள்கிறார். அதற்கும் வாந்தி ஊசிக்கும் ஏதேனும் முரண் உண்டா?

பதில்: மயக்கவியல்_பணி

இரண்டுமே மிகச் சரியான கேள்விகள். இரண்டையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

டெக்ஸாமெத்தசோன் ஒரே ஒரு முறை கொடுக்கப்பட்டாலும் இரத்தச் சர்க்கரை ஏறும்; சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே ஏறும். ஆகவே கொடுத்தால் அடுத்த 24 மணி நேரத்துக்குச் சர்க்கரையை அடிக்கடி பார்த்து, தேவைப்பட்டால் இன்சுலின் கொடுப்பார்கள். புண்ணில் சீழ் பிடிக்குமோ என்ற ஐயம் மயக்கவியல் துறையிலும் நெடுநாள் இருந்தது. 2021-இல் வெளியான, சர்க்கரை நோயாளிகளையும் உள்ளடக்கி 8,700-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், 8 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் பெற்றவர்களுக்கு அறுவைப் புண்ணில் தொற்று கூடவில்லை. குமட்டலும் வாந்தியும் குறைந்தன. எனவே சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளவருக்கு அதை முற்றாக ஒதுக்க வேண்டிய தேவை இல்லை என்பது என் கருத்து. கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு நான் தயங்குவேன். வேறு வகைகள் இருக்கும்போது தயங்குவதில் இழப்பும் இல்லை.

எஸ்சிட்டலோபிராமைப் பொறுத்தவரை, ஈசிஜியில் க்யூடி என்று நாங்கள் அளக்கும் இடைவெளியை அது நீட்டக்கூடியது. ஒண்டான்செட்ரானும் டிரோபெரிடாலும், அதன் இனத்தைச் சேர்ந்த ஹாலோபெரிடாலும் அதே தன்மை உடையவை. அந்த இடைவெளி மிகவும் நீண்டால், அரிதாக, ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு வரலாம். இந்த அச்சத்தால்தான் 2001-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டிரோபெரிடாலுக்குக் கடுமையான எச்சரிக்கை விதித்தது. வாந்தித் தடுப்புக்குப் பயன்படும் அளவு மிகச் சிறியது என்பதால் அந்த எச்சரிக்கை மிகையானது என்று கருதும் மயக்கவியலாளர்கள் பலர் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். ஆயினும் க்யூடியை நீட்டும் மருந்து ஒன்றை ஏற்கெனவே எடுத்துக்கொள்பவருக்கு அறுவைச் சிகிச்சைக்கு முன் ஈசிஜியைப் பார்ப்பதும், பொட்டாசியம், மக்னீசியம் அளவு சரியாக உள்ளதா என்று உறுதி செய்வதும் நல்லது. தேவையென்றால், அதே செரோட்டோனின் வகையில் க்யூடியைப் பெரிதும் பாதிக்காத பலோனோசெட்ரான் இருக்கிறது. அதன் அரை ஆயுள் (உடலில் மருந்தின் அளவு பாதியாகக் குறையும் நேரம்) ஏறத்தாழ 40 மணி நேரம் என்பதால் ஒரே ஊசியின் பயன் மறுநாளும் தொடரும். அப்ரெபிட்டன்ட்டும் க்யூடியைத் தொடுவதில்லை.

ஒன்றை வலியுறுத்துகிறேன்: இதைப் படித்துவிட்டு எஸ்சிட்டலோபிராமைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் குமட்டலும் வரலாம்.

மருந்தோடு மட்டும் இது முடிவதில்லை. பாராசிட்டமாலையும், பொருத்தமானவருக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மருந்தையும், தையல் போடும் இடத்தில் மரப்பு ஊசியையும் முன்கூட்டியே கொடுத்தால், மார்ஃபின் வகை மருந்தின் தேவை குறையும். அது குறைந்தால் வாந்தியும் குறையும். டிரிப்ஸில் போதிய நீர் ஏற்றுவதும் உதவும். பட்டினியைத் தேவைக்கு மேல் நீட்டுவதில் நன்மை எதுவும் இல்லை. திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் போன்ற தெளிந்த நீர்மங்கள் இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தினால் போதும் என்பது பொதுவான நெறி. உங்கள் மருத்துவமனை வேறு நேரம் குறிப்பிட்டால் அதையே பின்பற்றுங்கள்.

இந்த இழையைப் படிக்கும் இளம் பெண்களுக்கு ஒரு குறிப்பு: அப்ரெபிட்டன்ட் கருத்தடை மாத்திரையின் வலிமையைக் குறைக்கும், அதை எடுத்த பிறகு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு வேறு தடுப்பு முறையும் தேவை. மருத்துவமனையில் இதைச் சொல்ல மறந்துவிடுவது உண்டு.

பதில்: நெடுஞ்சாலை

நோயாளியாக என் அனுபவத்தைச் சேர்க்கிறேன். எனக்குக் காதில் அறுவைச் சிகிச்சை செய்து அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருத்துவமனையில் இருந்தவரை எந்தத் தொல்லையும் இல்லை. வாந்தித் தடுப்பு ஊசி போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து இரவு வலி மாத்திரையை விழுங்கிய பிறகுதான் குமட்டல் தொடங்கியது. தலையைத் திருப்பினாலே அறை சுழன்றது. விழுங்கிய மாத்திரையும் வாந்தியோடு வெளியே வந்துவிட்டதால் வலியும் சேர்ந்துகொண்டது. வீட்டில் கைவசம் எந்த மருந்தும் இல்லை, யாரை அழைப்பது என்றும் சொல்லி அனுப்பவில்லை. ஆகவே மருத்துவமனையில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் திட்டமிட்டால் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஊசியின் பயன் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதை மருத்துவர் விளக்குவாரா?

பதில்: மயக்கவியல்_பணி

நீங்கள் சொல்வது முற்றிலும் உண்மை. வீட்டுக்குப் போன பிறகு வரும் வாந்தியை எங்கள் துறையே நெடுங்காலம் போதிய அளவு கவனிக்கவில்லை, நோயாளி எங்கள் கண்ணெதிரே இல்லாததால். ஒண்டான்செட்ரானின் அரை ஆயுள் மூன்று முதல் ஆறு மணி நேரம்தான்; பகலில் போட்ட ஊசி இரவுக்குள் வலுவிழந்துவிடும். அந்த நேரத்தில்தான் வீட்டுப் பயணத்தின் குலுக்கலும், வெறும் வயிற்றில் விழுங்கும் வலி மாத்திரையும் சேர்கின்றன. காது அறுவைச் சிகிச்சையில் சமநிலை உறுப்பும் தூண்டப்படுவதால் உங்களுக்குத் தலைசுற்றலும் கூடியிருக்கும். பெண்கள், 50 வயதுக்குக் குறைந்தவர்கள், முன்பு வாந்தி வந்தவர்கள், மயக்கம் தெளியும் அறையிலேயே குமட்டல் வந்தவர்கள், அங்கே மார்ஃபின் வகை மருந்து பெற்றவர்கள் ஆகியோருக்கு வீட்டிலும் வரும் வாய்ப்பு அதிகம்.

இத்தகையவர்களுக்கு நெடுநேரம் நிற்கும் மருந்துகளான டெக்ஸாமெத்தசோன், பலோனோசெட்ரான், அப்ரெபிட்டன்ட் ஆகியவற்றை முன்கூட்டியே தேர்ந்தெடுப்பது நல்லது. நாக்கில் வைத்தால் தண்ணீரின்றிக் கரையும் ஒண்டான்செட்ரான் மாத்திரைகளும் உள்ளன. அவற்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்படி டிஸ்சார்ஜுக்கு முன் கேட்கலாம்.

மாலைத்தென்றல், உங்கள் அம்மாவை அன்றே அனுப்புவார்களா, ஓரிரவு தங்கவைப்பார்களா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். அன்றே அனுப்புவதென்றால், இரவில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குடித்த தண்ணீர்கூடத் தங்காத அளவுக்கு வாந்தி நீடித்தாலோ, வயிறு உப்பி வலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ தோன்றினாலோ, அதை மயக்க மருந்தின் விளைவு என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பித்தநீர்க் கசிவும் இப்படித்தான் தொடங்கும். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.